பயந்தால் சிரிக்கும் பவுனம்மாள்

பவுனம்மாளுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு வறளும், வயிற்றைப் பிசையும். இவளுக்கு அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று ஒன்று கிளம்பித் தொண்டையில் வந்து முட்டும். வாயை எவ்வளவுதான் இறுக்கி மூடினாலும் மூக்கு வழியாகவாவது வெளியே வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்பைத் தூக்கியபோது சிரித்து, ஒரு அடிக்கு மூன்று அடி வாங்கினாள். பெரியப்பா செத்த வீட்டில் பிணத்தைப் பார்த்துப் பயந்து சிரித்தாள். பெரியம்மா அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காப்பித் தட்டோடு நின்று சிரித்தாள். மாப்பிள்ளையின் மூக்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவர்கள் முடிவு கட்டி, கேசரியைத் தொடாமலே எழுந்து போனார்கள். மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் பெரிதுதான். ஆனால் பவுனம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. தலையே நிமிரவில்லை.

"ஒன்னைய கூட்டிக்கிட்டு ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியுதாடி?" என்று அவளுடைய அம்மா தனலெட்சுமி அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

இப்படிப்பட்டவள், இருபத்து மூன்றாவது வயதில், "நான் நாடகத்துல நடிக்கப் போறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? தனலெட்சுமி சிரித்தார்.

அது 1974. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தார்கள். அப்பா தண்டவாளம் பார்க்கும் வேலை. பவுனம்மாள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டர். மானேஜருக்கு ஆங்கிலம், லோரிக்காரர்களுக்கு மலாய், ஈப்போ கடைக்காரர்களுக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்த அரைகுறைச் சீனம், கிளானா ஜெயா கிடங்கில் இருந்த சின்னையா அண்ணனுக்குத் தமிழ். ஒவ்வொரு மொழிக்கும் அவள் குரல் மாறும். மலாயில் பேசும்போது கொஞ்சம் குழைவு, ஆங்கிலத்தில் கொஞ்சம் மிடுக்கு. யாரும் முகத்தைப் பார்க்காத இடத்தில் அவளுக்குப் பயமே கிடையாது. ஒரு நாளைக்கு நாலு பெண்ணாக இருக்கிறோம், ஐந்தாவதாக இன்னொருத்தியாக ஏன் இருக்கக் கூடாது என்று ஒருநாள் மத்தியானம் தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளிவிளக்கு நாடக மன்றம் அங்கே ஒத்திகை பார்க்கும். நடத்தியவர் கன்னையா. ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எழுத்து, இயக்கம், ஆர்மோனியம் எல்லாம் அவரே. பெண் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தவருக்கு, தானாக வந்து நின்ற பவுனம்மாளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"பேர மட்டும் மாத்திக்கலாமாம்மா? பவுனம்மாள்னா கொஞ்சம் பழசா இருக்கு. பத்மஸ்ரீனு வெச்சுக்கலாமா?"

"வேண்டாம்ணே. அப்பறம் யாரோ நடிச்சாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

விதவை வேடம் கொடுத்தார். சண்டையில் செத்த புருஷனைத் தூக்கிவந்து நடுமேடையில் கிடத்துவார்கள். அவள் ஓடிவந்து விழுந்து, "என்னைத் தனியே விட்டுப் போயிட்டீங்களே" என்று அழ வேண்டும். ஒத்திகையில் இருந்தது ஏழெட்டுப் பேர். பவுனம்மாள் அழுத அழுகையில் தபேலாக்காரர் மூக்கைச் சிந்தினார்.

நாடகத்தன்று மண்டபத்தில் நானூறு பேர். முன்வரிசையில் மாலையோடு, அரசாங்கப் பட்டம் வாங்கிய ஒரு டத்தோ. பவுனம்மாள் ஓடிவந்தாள், விழுந்தாள், நிமிர்ந்தாள். நானூறு முகமும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். அடிவயிற்றில் குபுகுபுவென்றது.

"என்னைத் தனியே..." என்று தொடங்கியவள், களுக்கென்று சிரித்துவிட்டாள்.

சபை அதிர்ந்துபோய்ப் பார்த்தது. துக்கம் முற்றிச் சித்தம் கலங்கிவிட்டது போலும் என்று சிலர் நினைத்து, ஒரு பெண் "ஐயோ பாவம்" என்றும் சொன்னாள். அதோடு நின்றிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் சிரிப்பை மறைக்க, பிணமாகக் கிடந்தவனின் மார்மேல் முகத்தைப் புதைத்தாள். அவள் குலுங்கிய குலுக்கலில் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. முதலில் வயிறு ஆடியது. பிறகு கால் கட்டைவிரல். கடைசியில் பிணம் வாயைத் திறந்து ஹோவென்று சிரித்தது. டத்தோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சோக நாடகத்தின் முடிவை அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை. திரையை இறக்கிவிட்டார்கள்.

கன்னையா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆர்மோனியப் பெட்டிமேல் உட்கார்ந்து, "நாலு மாசமா எழுதினேன்மா" என்று மட்டும் சொன்னார். பவுனம்மாள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள். இனிமேல் டெலிபோன் போதும் என்று இருந்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போக, பெட்டாலிங் ஜெயா வழியாகப் போகும் கிள்ளான் பஸ்ஸில் ஏறினாள். தோளில் தோல்பையும் கையில் டிக்கெட் கட்டுமாக வந்த கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. அந்தப் பிணம்.

பெயர் இராமலிங்கம். கிள்ளான்காரன். ஒல்லியாக, நெடுநெடுவென்று, எந்நேரமும் அப்போதுதான் தூங்கி எழுந்தவன் மாதிரி இருப்பான். மன்றத்தில் அவனுக்கு எப்போதும் பேச்சில்லாத வேடம்தான்.

"ஏங்க, செத்தவனையே சிரிக்க வெச்ச ஆளு நீங்கதானே?" என்று அவன் கேட்டது பஸ் முழுவதும் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அடிவயிற்றில் கிளம்பிவிட்டது. இராமலிங்கம் அதைக் கவனித்துவிட்டான். குரலைத் தணித்துக்கொண்டான்.

"நெசமாவே கேக்கறேன். அன்னிக்கி ஏன் சிரிச்சீங்க?"

திமிரா, கொழுப்பா என்று கேட்டவர்கள் உண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"பயம்," என்றாள் பவுனம்மாள். "எனக்குப் பயமா இருந்தா சிரிப்பு வரும். இப்பக்கூட பயமா இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, தொண்டை வரை வந்திருந்த சிரிப்பைக் காணோம். தேடிப் பார்த்தாள். இறங்கிப் போயிருந்தது.

"அப்படிங்களா," என்றான் இராமலிங்கம். "எனக்குப் பயம் வந்தா தூக்கம் வரும். அதான் கன்னையா அண்ணே என்னைப் பொணமாவே போடறாரு." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான்.

ஆபீசில் சோதித்துப் பார்த்தாள். மானேஜர் கோபமாகக் கூப்பிட்டபோது, கதவுக்கு வெளியே நின்று, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "பயமா இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. மறுநாள் சொல்லியும் வந்துவிட்டது. மூன்றாம் நாள் வரவில்லை. யோசித்துப் பார்த்ததில், பயத்தை மறைக்கப் பார்க்கும்போதுதான் அது சிரிப்பு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்று பட்டது. காலண்டரைவிட ஆள் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நன்றாக வேலை செய்கிறது என்பதும் தெரிந்தது. ஆனால் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது? கிள்ளான் பஸ்ஸில் ஒரு முகம் இருந்தது. நேரம் பார்த்து அந்த பஸ்ஸிலேயே ஏற ஆரம்பித்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கன்னையாவைப் போய்ப் பார்த்தாள். தட்டோடு வந்து, "ஐயா, காப்பி" என்று சொல்லிவிட்டுப் போகும் வேலைக்காரி வேடத்தை அவர் கொடுத்தார். காப்பித் தட்டு என்றதும் அவளுக்குப் பெண் பார்த்த நாள் ஞாபகம் வந்து வியர்த்தது. பக்கத் திரைக்குப் பின்னால் போலீஸ் உடையில் நின்ற இராமலிங்கத்திடம், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"எனக்குந்தான். தொப்பி பெருசு, கண்ண மறைக்குது. எங்க போய் முட்டப் போறேனோ."

போனாள். காப்பி கொடுத்தாள். வந்தாள். நானூறு பேரும் அவளைக் கவனிக்கவே இல்லை. வாழ்க்கையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமான இரவு அதற்கு முன் இருந்ததில்லை.

அடுத்தடுத்த நாடகங்களில் நாலு வரி, பத்து வரி, பிறகு இரண்டு காட்சி என்று வளர்ந்தது. திரைக்குப் பின்னால் "பயமா இருக்கு" என்று சொல்லிக்கொள்வது மன்றத்துக்கே பழக்கமாகிவிட்டது. தபேலாக்காரர் சொல்வார். இருபது வருஷ அனுபவம் என்று மார்தட்டுகிற கன்னையாவே ஒருநாள், "எனக்குக்கூட லேசா..." என்று இழுத்தார்.

1977இல் பவுனம்மாளுக்கும் இராமலிங்கத்துக்கும் கல்யாணம். தாலி கட்டும்போது அவள் சிரித்தாள், அவன் கொட்டாவி விட்டான். போட்டோவில் இரண்டும் இருக்கிறது.

கிள்ளானுக்கு வந்தாள். பலகை வீடு, இரண்டு அறை, மாமியார் மாரியாயி. கணீரென்ற தொண்டை, கோழிகளைக் கூப்பிட்டால் பக்கத்துக் கிராமத்துக் கோழியும் வரும். மருமகள் நாடகத்துக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "மகனே போறான், நீயும் போய்த்தொலை. வீட்டுல நிம்மதியா ரேடியோ கேக்கலாம்."

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பவுனம்மாள் இப்போது பயத்தை அடக்கப் பழகிவிட்டாள். கோபத்தையும் அழுகையையும் வரவழைக்கவும் பழகிவிட்டாள். வரவழைத்ததைத் திருப்பி அனுப்பத்தான் தெரியவில்லை. புருஷனைச் சந்தேகப்படும் மனைவியாக ஒரு மாதம் ஒத்திகை பார்த்தாள். அந்த மாதம் முழுக்க இராமலிங்கத்தின் சட்டைப்பையைத் துழாவினாள். பஸ்ஸில் எந்தப் பொம்பளை எங்கே ஏறினாள் என்று கேட்டாள்.

"பவுனு, அது நாடகம்லா," என்பான் அவன்.

"தெரியுது. ஆனா யாரு அந்த மஞ்சப் புடவை?"

ஒரு ஞாயிறு மத்தியானம் இருவரும் ஒத்திகை முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் இராமலிங்கம் எழுந்து நின்றான். அன்றைக்கு லீவு, சட்டை வேட்டியோடுதான் இருந்தான். ஆனாலும் கண்டக்டர் குரலில், அவள் தலைக்கு மேல் பார்த்துச் சொன்னான்: "சந்தேகம் புடிச்ச அம்மா! ஒங்க ஸ்டாப் வந்துருச்சு. எறங்குங்க. பாலத்துக்கு அந்தாண்ட ஒங்களுக்கு டிக்கெட் இல்ல!"

பஸ்ஸில் இருந்தவர்கள் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள். பவுனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் சிரிப்பு இல்லை, சும்மா வரும் சிரிப்பு. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. ஆற்றைத் தாண்டுவதற்குள் வேடம் இறங்கிவிட வேண்டும். சில நாள் வேடம் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்; அப்போது பாலம் முடிந்ததும் இறங்கி, வீடுவரை நடந்தே போவார்கள். நடக்க நடக்கப் பசிக்கும். பசி வந்தால் எந்த வேடமும் நிற்காது என்பது இராமலிங்கத்தின் கட்சி.

எண்பத்திரண்டில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கூப்பிட்டார்கள். மாமியாரை மழையில் வெளியே தள்ளும் மருமகள் வேடம். பவுனம்மாள் தள்ளிய தள்ளு அப்படி. அந்தக் காட்சி ஒளிபரப்பான வாரம், மாரியாயியோடு பாசாருக்குப் போனாள். காய்கறிக்கார அம்மாள் அவளைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒனக்கு யாவாரம் இல்ல, போ! வயசான மனுஷிய மழையில தள்ளுறியே, நீயெல்லாம் பொம்பளையா?"

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பவுனம்மாளுக்கு அடிவயிறு குபுகுபுத்தது. இப்போது சிரித்தால் அவ்வளவுதான், கத்திரிக்காய் தலையில் விழும். அவள் வாயைத் திறப்பதற்குள் மாரியாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"யாருடி அவ? அவ மாமியா நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். நான் நனைஞ்சேனா? என் தலையத் தொட்டுப் பாரு!"

"அப்ப டீவியில வந்தது?"

"அது வேற மாமியா. நல்லா வேணும் அவளுக்கு. மொதல் நாள்லேர்ந்தே பாக்கறேன், என்னா வாயி!"

கூட்டம் சிரித்துவிட்டது. அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கியதற்கு அந்த அம்மாள் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுத்தார். போகும்போது, "அடுத்த வாரம் திருந்திருவியா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

வீட்டில் எல்லாரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், இராமலிங்கம் ஒருவனைத் தவிர. பஸ்ஸில் அவனை இப்போது "டீவி அக்கா புருஷன்" என்று கூப்பிட்டார்கள். பத்து வருஷமாக அவனும்தான் மன்றத்தில் இருக்கிறான். பிணம், போலீஸ், கூட்டத்தில் ஒருவன். தொலைக்காட்சியில் இருந்து அவனை யாரும் கூப்பிடவில்லை. தினமும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தான்.

எண்பத்து நாலில் அது வெடித்தது. கன்னையாவின் நாடகமும் புதிய தொடரின் படப்பிடிப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. பவுனம்மாள் தொடருக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள்.

"ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான் இராமலிங்கம். சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான். "பெரிய ஆளாயிட்ட. இனிமே நாங்கல்லாம் எதுக்கு? நீ ஒன் வழியப் பாத்துக்க, நான் என் வழியப் பாத்துக்கறேன்."

ஏழு வருஷத்தில் அவன் இப்படிப் பேசியதில்லை. இவன் போய்விடுவானோ என்று பவுனம்மாளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்த அதே நொடியில், களுக்கென்று சிரித்துவிட்டாள்.

இராமலிங்கத்தின் முகம் செத்துவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

மாரியாயி, அங்கே இல்லாத மகனை இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினார். பவுனம்மாள் படப்பிடிப்புக்கு முடியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு தரம் நினைத்தாள். நடிப்பையே விட்டுவிடலாமா என்று இன்னொரு தரம் நினைத்தாள். இரண்டையும் நினைத்தபோது அழுகை வந்தது. நிஜ அழுகை அசிங்கமாக இருக்கிறது, மேடையில் இப்படி அழுதால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் நடுவில் தோன்றியது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. இராமலிங்கம் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். தலையெல்லாம் புழுதி.

"நேத்து நீ சிரிச்சது... பயந்தா?"

அவள் தலையாட்டினாள்.

"ஒலகத்துல எல்லாரும் தப்பா நெனைக்கலாம். நான் நெனைக்கலாமா? தம்பி வீட்டுல படுத்ததும்தான் ஒறைச்சிச்சு. மடையன் நான்."

"நடிக்கறத விட்டுறவாங்க?"

"விட்டுப் பாரு, அப்பறம் இருக்கு ஒனக்கு!" என்று அதட்டினான். பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான். "பவுனு, எனக்குப் பொறாமையா இருக்கு. ஒன்ன டீவியில பாக்கறப்ப பெருமையா இருக்கு, பொறாமையாவும் இருக்கு. எது எதுன்னு தெரியல."

அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். காலண்டரிடம் சொல்லிப் பழகியவள் அவள்.

"சரி. வந்து சாப்பிடுங்க. தோசை ஊத்தறேன்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படப்பிடிப்புக்குப் போனாள், அவன் கன்னையாவின் நாடகத்துக்குப் போனான். அவள் முன்கூட்டியே போய்க் கன்னையாவிடம் மன்னிப்புக் கேட்டாள். "என் நாடகத்த நிறுத்தறது ஒனக்கென்ன புதுசா?" என்றார் அவர். அதற்குப் பிறகு எந்தத் தேதிக்கு ஒத்துக்கொண்டாலும் முதலில் வீட்டில் சொன்னாள். இராமலிங்கமும் அவ்வப்போது, பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "இன்னிக்குக் கொஞ்சம் பொறாமையா இருக்கு" என்பான். "எவ்ளோ?" என்று கேட்பாள். "ரெண்டு தோசை அளவு" என்பான். நாலு தோசை அளவுக்குப் போன நாட்களும் உண்டு. வீட்டை விட்டுப் போகிற அளவுக்குப் போகவில்லை.

தொண்ணூற்றொன்றில் சுபாங் ஜெயாவில் ஒரு மாடி வீட்டில் படப்பிடிப்பு. பவுனம்மாளுக்கு நாற்பது வயது, கதாநாயகியின் அம்மா வேடம். இராமலிங்கம் அவளுக்குத் துணையாகத்தான் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. இயக்கிய பெண் சிவகாமி, இருபத்தெட்டு வயதுக்காரி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மாமரத்தடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனைக் கைகாட்டினாள்.

"அங்கிள், நீங்க செய்றீங்களா? ஒரே ஒரு டயலாக்தான். கேட் பக்கத்துல நின்னு, 'உங்க வீட்டுலயும் தண்ணி வரலையா?'ன்னு கேக்கணும்."

பத்தொன்பது வருஷத்தில் இராமலிங்கத்துக்குக் கிடைத்த முதல் வசனம். முதல் தடவை, "உங்க வீட்டுலயும் வரலையா தண்ணி?" என்றான். இரண்டாவது தடவை, "தண்ணி வீட்டுல..." என்று நின்றான். ஐந்தாவது தடவை சரியாகச் சொன்னான். ஆனால் கேமராவைப் பார்த்துச் சொன்னான். எட்டாவது தடவைக்கு முன்னால் பவுனம்மாள் கேட் அருகே போனாள். அவன் கண் செருகிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் நின்றபடியே தூங்கிவிடுவான்.

"ஏங்க, எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

"ஒனக்கென்ன பயம்? நாந்தானே சொதப்பறேன்?"

"நீங்க தூங்கிருவீங்கன்னுதான்."

அவன் கண்ணை அகலத் திறந்தான். சிவகாமி "ஆக்சன்" என்றாள். குழாயில் நிஜமாகவே தண்ணீர் வராத ஒரு மனிதனின் எரிச்சலோடு, இராமலிங்கம் அவ்வளவு இயல்பாகக் கேட்டான். கேமராக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்துச் சுபாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது.

"சாரி அங்கிள், சவுண்ட் போச்சு. இன்னொரு தடவ எடுக்கணும்," என்றாள் சிவகாமி.

"எத்தன தடவ வேணும்னாலும் எடுங்க," என்றான் இராமலிங்கம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கேட்டைப் பிடித்தபடி, வானத்தைப் பார்த்து அடுத்த விமானம் வருகிறதா என்று கவனித்தான். பிறகு பவுனம்மாளைப் பார்த்து, "நீ ஒன் எடத்துல போய் நில்லுலா, லேட்டாவுது" என்றான்.